மங்களகரமான ஒரு ஜப்பானியப் பாட்டு

நவம்பர் 3, திங்கள்

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குப் பெருமை தராத விஷயம் ஏதாவது நடந்தால் அதையும் எழுதுவேன். இதுவரை அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

என் பெயர் நிறைமதி. ஒன்பதாம் வகுப்பு. வாலாஜாபாத்தில் எங்கள் பள்ளியில் மட்டும்தான் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறார்கள். ஒரகடத்தில் ஜப்பான்காரர்களின் தொழிற்சாலைகள் வந்தபோது, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று தாளாளர் தனசேகரன் ஐயா இந்த வகுப்பை ஆரம்பித்தார். முதல் வருஷம் அறுபது பேர் இருந்தார்களாம். இப்போது ஏழு பேர். ஏழு பேரில் கபிலன், பி.டி. பீரியடில் ஓடப் பிடிக்காமல் வந்தவன்.

இன்று ஐயா வகுப்புக்கே வந்தார். வைதேகி சென்செய் எழுந்து நின்றார். (சென்செய் என்றால் ஆசிரியர். மிஸ் என்று கூப்பிட்டால் சென்செய் திரும்பிப் பார்க்க மாட்டார்.)

"ஜப்பான்லேர்ந்து ஒரு ஸ்கூல்காரங்க வர்றாங்கம்மா, இருபத்தொண்ணாம் தேதி. அவங்க ஊர்ல கரோக்கின்னு மிஷின்ல இசையைப் போட்டுப் பாடுவாங்களாமே, பாட்டும் விளையாட்டுமா ஒரு சாயங்காலம் வச்சிடுங்க. அவங்க சந்தோஷமாப் போனா இந்த வகுப்பு இருக்கும். மூஞ்சி தொங்கிப் போச்சுன்னா, ஜூன்லேர்ந்து இந்தப் பீரியடுக்கு அபாகஸ். சார் ஒருத்தரப் பேசி வச்சிருக்கேன்."

ஐயா போன பிறகு சென்செய் கரும்பலகையைத் துடைத்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

யார் பாடுவது என்று இன்று தேர்வு. ரிஸ்வானா பாடினாள். அவள் என் உயிர்த்தோழி. குரல் சுமாராக இருக்கும் என்று நினைத்திருந்தேன், நன்றாகவே இருந்தது. பிறகு நான் பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு உணர்ந்து பாடினேன். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கபிலன் தலையை மேஜைமேல் வைத்திருந்தான். மனம் உருகிவிட்டது போலிருக்கிறது.

சென்செய் பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு, "நிறை, பாடறதை யார் வேணும்னாலும் பாடிடலாம்மா. எந்தப் பாட்டைப் பாடணும்னு தேர்ந்தெடுக்கத்தான் படிப்பறிவு வேணும். அந்தப் பொறுப்பு உனக்கு. அது மட்டும்தான் உனக்கு" என்றார்.

இவ்வளவு பெரிய பொறுப்பை எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினேன். பாதியில் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். தொட்டி காலையிலேயே நிரம்பியிருந்தது. அப்பாவுக்கு இப்போதெல்லாம் மறதி அதிகம்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. விடுமுறை. பள்ளி அலமாரியிலிருந்து எடுத்துவந்த பழைய பாட்டுப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மொழிபெயர்க்கிறேன். புத்தகத்தோடு குறுந்தகடும் இருக்கிறது. இதுவரை முடித்த பாட்டுகளில் ஒன்றில் பூ உதிர்கிறது. ஒன்றில் பனி உதிர்கிறது. ஒன்றில் ரயில் போய்விடுகிறது. ஒன்றில் ரயில் வரவேயில்லை.

அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "ஏண்டி, நல்லா வசதியா இருக்கிற நாடுன்னு சொல்றாங்க, எதுக்கு இப்படி அழுவுறாங்க?"

வசதி இருப்பதால்தான் அழ நேரம் கிடைக்கிறது என்று சொன்னேன். அம்மா கொத்தமல்லிக் கட்டை என் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 10, திங்கள்

தாளாளர் அறைக்குப் பாட்டுகளோடு போனோம், நானும் சென்செய்யும். குத்துவிளக்கு ஏற்றியவுடன் முதல் பாட்டு. அது மங்களகரமாக இருக்க வேண்டும் என்பது ஐயாவின் நிபந்தனை. அர்த்தம் கேட்டுத்தான் அனுமதிப்பாராம்.

"மொதல் பாட்டு சொல்லும்மா."

"பூ உதிருது ஐயா. போன வருஷம் கூட நின்னு பார்த்தவங்க இந்த வருஷம் இல்ல."

"செத்துட்டாங்களா?"

"வேற ஊருக்குப் போயிருக்கலாம் ஐயா. புத்தகத்துல இல்ல."

"சந்தேகமே வேணாம். அடுத்தது."

"இது நத்தை பாட்டு. மழையில வீட்டைத் தூக்கிக்கிட்டுப் போகுது."

"வீடு காலி பண்ற பாட்டா? நல்ல நாளும் அதுவுமா! அடுத்தது."

"சில்வண்டு ஐயா. சந்தோஷமாப் பாடுது."

"இது பரவாயில்லயே."

உண்மையை மறைக்கக் கூடாது என்பதால், "கோடை முடியறதுக்குள்ள செத்துடும்" என்று சேர்த்துக்கொண்டேன். சென்செய் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "யாரும் சாகக் கூடாது, யாரும் போகக் கூடாது, எதுவும் கீழ விழக் கூடாது. இந்த மூணும் இல்லாம ஒரே ஒரு பாட்டு அந்த நாட்டுல கிடையாதா?"

தேடுகிறேன் என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

விளையாட்டுக்கு ஷிரிதோரி. சொற்சங்கிலி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி ஒலியில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நம் பாட்டுக்குப் பாட்டு மாதிரி. ஆனால் பாட வேண்டாம், சொல் போதும். ஒரே ஒரு கண்டிப்பு. 'ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னால் அவுட். அந்த ஒலியில் தொடங்கும் சொல்லே கிடையாது, சங்கிலி அறுந்துவிடும்.

"அப்ப ஜப்பான்னு சொன்னாலே அவுட்டா?" என்றாள் ரிஸ்வானா.

"அவுட்தான்."

"ஜப்பான்காரங்க விளையாட்டுல ஜப்பானே அவுட்டா? நல்லா இருக்குடி."

நான் எல்லோரையும் ஜெயித்தேன். என் ரகசியம் 'ரா'. எதிராளியை 'ரா'வில் மாட்டிவிட்டால் திணறுவார்கள். ஜப்பானிய மொழியில் அதில் தொடங்கும் சொல் கொஞ்சம்தான். எனக்காக மூன்று சேர்த்து வைத்திருக்கிறேன். ரகுதா, ஒட்டகம். ரப்பா, ஊதுகொம்பு. ரக்கோ, கடல்நீர்நாய். ரக்கோவை யாரிடமும் சொல்லவில்லை.

சென்செய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விருந்தாளிங்க ஜெயிக்கணும் நிறை. நீ கடைசில விட்டுக் குடுத்துடு."

தெரிந்த சொல்லைத் தெரியாதது போல நடிப்பது பொய் என்று சொல்லிவிட்டேன். சென்செய், "சரிம்மா" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

நவம்பர் 12, புதன்

சென்செய்யிடம், ஜப்பானில் மழை எப்படிப் பெய்யும் என்று கேட்டேன். "நனையும்" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

கிடைத்துவிட்டது!

புத்தகத்தின் கடைசிப் பாட்டு. ஒரு பையன் விளக்கு வெளிச்சத்தில் படிக்கிறான். படித்து முடித்ததும் கதவைத் திறக்கிறான். வெளியே வானம் வெளுத்திருக்கிறது. அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. யாரும் போகவில்லை. கதவு திறக்கிறது, ஆனால் அவன் வெளியே போனதாக எழுதவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். மெட்டு மெதுவானது, கம்பீரமானது, கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

ஐயா கேட்டுவிட்டுக் கைதட்டினார். "படிப்பு இருக்கு, விளக்கு இருக்கு, விடியுது வேற! குத்துவிளக்கு ஏத்தினதும் இதான். பாட்டுன்னா இது பாட்டு!"

சென்செய்யும் மெட்டை முணுமுணுத்துப் பார்த்தார். "பரீட்சைக்குப் படிச்சப்ப எங்கேயும் வரல. ஆனா அழகா இருக்கு" என்றார். ஜப்பானில் கேட்டிருக்கிறீர்களா என்றேன். ஜன்னலைச் சாத்தப் போனார். மழை இல்லை.

ரிஸ்வானாதான் பாடப்போகிறாள். எனக்கு வருத்தமே இல்லை. (இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிவிட்டேன், பேனா மை பின்பக்கம் தெரிகிறது.)

நவம்பர் 19, புதன்

மைக்செட் துரைக்கண்ணு அண்ணன் கரோக்கி மிஷினைக் கொண்டுவந்தார். கல்யாணக் கச்சேரிகளுக்கு வாடகைக்கு விடுவாராம். பாடி முடித்ததும் மிஷின் மதிப்பெண் போடும். ரிஸ்வானாவுக்குத் தொண்ணூற்று நான்கு. எல்லோரும் சத்துணவுக்குப் போன பிறகு நானும் பாடிப் பார்த்தேன். பதினொன்று.

"மிஷின் ரிப்பேர் அண்ணா" என்றேன்.

அண்ணன் மிஷினைத் தட்டினார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மிஷினைத் தட்டினார். "ஆமா பாப்பா. வயரு எலி கடிச்சிருக்கும்."

நல்ல வேளை, சீக்கிரம் கண்டுபிடித்தோம்.

நவம்பர் 21, வெள்ளி

பள்ளி அரங்கத்தின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா அழைத்துப் போக வரும்வரை எழுதலாம். எதையும் விடாமல் எழுத வேண்டும், அதனால் கை வலித்தாலும் பரவாயில்லை.

மூன்றரை மணிக்கு வேன் வந்தது. தலைமை ஆசிரியை நிஷிவாகி அம்மையார், அறுபது வயதிருக்கும், கைப்பை, வெள்ளைச் சட்டை. கூடவே ஐந்து மாணவர்கள். ஐயா மாலை போட்டு வரவேற்று, வானத்தைப் பார்த்து, "மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சுடலாம்" என்றார். சென்செய் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். அம்மையாரும் வானத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பின்னால் சமையலறையில் போண்டா வாசனை. ரிஸ்வானா மைக்கைப் பிடித்தாள். முதல் வரி பாடியதுமே ஜப்பானிய மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தான். மூன்றாவது வரியில் நிஷிவாகி அம்மையார் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஐந்து பேரும் எழுந்தார்கள்.

ஐயாவுக்கு ஒரே பூரிப்பு. "பாட்டுக்கு மரியாதை குடுக்கறாங்க, எழுந்திரிங்க எல்லாரும்!" என்று கையைக் காட்டினார். முந்நூறு பேரும் எழுந்து, இறைவணக்கம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கண்ணைத் திறந்தபோது விருந்தாளிகள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது? எங்க போறாங்க? போண்டா இன்னும் எண்ணெயில கெடக்குது!"

சென்செய் ஓடினார். நானும் ஓடினேன். அம்மையார் பணிவாகக் குனிந்து ஏதோ சொன்னார். சென்செய் அப்படியே நின்றுவிட்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நிறை, இந்த மெட்டை அவங்க ஊர்க் கடையில எல்லாம், கடை மூடற நேரத்துல போடுவாங்களாம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். இது கேட்டா எடுத்ததை வச்சுட்டுக் கிளம்பணும். மழை வருதுன்னு நாமதான் நாசூக்காப் போகச் சொல்றோம்னு நினைச்சுட்டாங்க."

"உங்களுக்குத் தெரியாதா சென்செய்?"

"நான் போனதே இல்லம்மா" என்றார் சென்செய். "புத்தகத்துல கடை எப்படி மூடுவாங்கன்னு போடல."

இதை நான் வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் எழுதுவேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

சென்செய் விளக்க ஆரம்பித்தார். ஆனால் பதற்றத்தில் வாக்கியம் பாதியில் நின்றது, மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றது. பின்னால் ஐயாவின் குரல், "அபாகஸ் சாருக்கு போனைப் போடுய்யா." அதற்குள் வேன் கதவு திறந்தாயிற்று. நிஷிவாகி அம்மையார் எங்களைப் பார்த்துக் கடைசியாகக் குனிந்தார்.

"சாயோனாரா" என்றார்.

ரா.

நான் யோசிக்கவே இல்லை. பத்து நாளாக 'ரா' என்று கேட்டால் என்ன வரும் என்று பழகிய வாய். "ரகுதா!" என்று கத்திவிட்டேன்.

விடைபெறும் விருந்தாளியைப் பார்த்து ஒட்டகம் என்று கத்தியிருக்கிறேன். அம்மையார் ஒரு காலை வேனுக்குள் வைத்தபடி என்னைப் பார்த்தார். அவருடைய புருவம் மெதுவாக உயர்ந்தது.

"தருமா" என்றார். தருமா என்பது ஒரு பொம்மை.

"மகுரா!" தலையணை. மறுபடியும் ரா.

அம்மையார் காலைக் கீழே வைத்தார். "ரப்பா." ஊதுகொம்பு போய்விட்டது, எனக்கு வயிற்றெரிச்சல். "பப்பாயா" என்றேன். நம் பப்பாளிதான். வேனுக்குள்ளிருந்து ஒரு பையன் தலையை நீட்டி, "யமா!" என்றான், மலை. ரிஸ்வானா மைக்கோடு ஓடிவந்து, "மத்சுரி!" என்றாள். அது திருவிழா. ஒரு பெண் இறங்கி, "ரிசு" என்றாள், அணில். அதற்கு எங்களில் ஆறு பேர் முழித்தோம். கபிலன் மட்டும், "சுறா!" என்றான்.

"அது தமிழ்டா!"

"மீன்தானே? அவங்க ஊர்லயும் கடல் இருக்குல்ல?"

சென்செய் மொழிபெயர்த்ததும் அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். தமிழ்ச் சொல்லும் செல்லும், அர்த்தம் நடித்துக் காட்டினால் போதும் என்று விதி போட்டார். கபிலன் சுறாவாக நடித்தான். பி.டி. பீரியடில்கூட அவன் அவ்வளவு ஓடியதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். சங்கிலி அறுபடவில்லை. யார் எதைச் சொன்னார்கள் என்று இனி வரிசையாக எனக்கு நினைவில்லை; நடுவில் போண்டா வந்தது. ஒரு சமயம் யாரோ "சுஷி" என்றதும் ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து, "சிவன்!" என்று முழங்கினார்.

"அவுட்!" என்றார்கள் ஐந்து பேரும்.

"என்னது அவுட்டா? சிவனா?"

"'ன்'ல முடிஞ்சா அவுட் ஐயா" என்றேன்.

"இன்னொரு சான்ஸ் குடுங்க." கொடுத்தோம். 'தா' வந்தது. ஐயா கொஞ்சமும் தயங்கவில்லை. "தனசேகரன்!"

"அவுட்!"

"ஏம்மா, என் பேரே அவுட்டா?" ஐயா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சென்செய்யைப் பக்கத்தில் கூப்பிட்டு, 'ன்' இல்லாத சொல்லாகக் காதில் சொல்லச் சொன்னார். சென்செய் சொல்லச் சொல்ல, ஐயா எழுந்து எழுந்து கத்தினார். அப்போதும் தோற்றார்.

கடைசியில் நானும் நிஷிவாகி அம்மையாரும் மட்டும் மிச்சம். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "சகுரா" என்றார். அந்த உதிர்கிற பூதான்.

ரா. அரங்கமே என்னைப் பார்த்தது. ரகுதா முடிந்தது, ரப்பா முடிந்தது. கடல்நீர்நாய்க்கு ரக்கோ என்று பெயர். எனக்கு நன்றாகத் தெரியும். சென்செய் தூணருகில் நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரமென்" என்றேன்.

"ன்! அவுட்!" ஜப்பானிய மாணவர்கள் குதித்தார்கள். ரமென் நூடுல்ஸ் அவுட் என்பது எனக்குத் தெரியாதா என்று ரிஸ்வானா என்னையே உற்றுப் பார்த்தாள். வாய் தவறி வந்துவிட்டது. அப்படித்தான் எழுதப்போகிறேன்.

சென்செய் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போண்டாவில் மிளகு அதிகம் என்றார். அவர் போண்டா சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

ஐயா அம்மையாரிடம், "அடுத்த வருஷம் கட்டாயம் வரணும். நான் ஜெயிக்காம விடமாட்டேன். வைதேகிம்மா, திங்கக்கிழமையிலேர்ந்து வகுப்புல எனக்கும் ஒரு பெஞ்சு போடுங்க" என்றார். துரைக்கண்ணு அண்ணன், "ஐயா, அபாகஸ் சார் லைன்ல இருக்காரு" என்று போனை நீட்டினார். ஐயா, "ராங் நம்பர்னு சொல்லு" என்றார்.

அம்மையார் சென்செய்யின் கையைப் பிடித்து, அடுத்த கோடையில் உங்கள் மாணவர்கள் நான்கு பேர் ஜப்பானுக்கு வரட்டும், கூட்டிக்கொண்டு நீங்களும் வாருங்கள், கடை மூடும்வரை கடையில் நிற்கலாம் என்றார். சென்செய் இதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. எனக்கே புரிந்தது.

பிறகு அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்போதுதான் அந்தப் பாட்டுக்குச் சரியான நேரம். தேர்ந்தெடுத்தது யார்?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"அப்படியானால் அவளே பாடட்டும்."

ஏனோ எங்கள் பள்ளிக்காரர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். ரிஸ்வானா மைக்கைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, "தொண்டை கட்டிக்கிட்டிருக்குன்னு சொல்லுடி, ப்ளீஸ்" என்றாள். பொய் சொல்ல மாட்டேன் என்று வாங்கிக்கொண்டேன். கண்ணை மூடினேன். உணர்ந்து பாடினேன்.

முதல் வரியில் பெஞ்சுகள் நகரும் சத்தம். இரண்டாவது வரியில் ஓடும் சத்தம். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது முந்நூறு பேர் இருந்த அரங்கத்தில் நிஷிவாகி அம்மையாரும் துரைக்கண்ணு அண்ணனும் மட்டும் இருந்தார்கள். மழை விட்டிருக்கவில்லை, அப்படியும் எல்லோரும் வெளியே நின்றார்கள்.

அம்மையார் கைதட்டினார். "நாற்பது வருஷமாக இந்தப் பாட்டைக் கடைகளில் கேட்கிறேன். எந்தக் கடையும் இவ்வளவு வேகமாகக் காலியாகிப் பார்த்ததில்லை."

இதுவரை என் பாட்டுக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. வார்த்தைக்கு வார்த்தை குறித்துக்கொண்டேன். மிஷின் இந்த முறை ஒன்பது போட்டது. எலியைப் பிடிக்க வேண்டும் என்று அண்ணனிடம் ஞாபகப்படுத்தினேன்.

அப்பா குடையோடு கேட்டருகில் வந்துவிட்டார். ரக்கோ பற்றி இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. எழுத நினைத்தேன், உண்மையாகவே. ஆனால் கடை மூடியாயிற்று. துரைக்கண்ணு அண்ணன் அரங்கத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்.